ஒரே பெயரில் மறைந்திருந்த சிற்றினங்கள்: சீன ராட்சத சாலமாண்டரின் வகைப்பாடும் பரவலும்

இன்று உயிரோடிருக்கும் இருவாழ்விகளில் மிகப் பெரியது சீன ராட்சத சாலமாண்டர். நன்கு வளர்ந்த விலங்கு 1.8 மீட்டர் நீளம் வரை எட்டியதாகப் பதிவுகள் உள்ளன. மஞ்சள் ஆறு, யாங்சி, முத்து ஆறு ஆகிய மூன்று பெரும் படுகைகளின் மலையோடைகளில் பரவியிருந்த இவை அனைத்தும் ஒரே சிற்றினம் என்ற கருத்தே மிக நீண்ட காலம் நூல்களிலும் சட்டத்திலும் பாதுகாப்புத் திட்டங்களிலும் நிலவியது. 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு அந்தக் கருத்தைக் குலைத்துப்போட்டது. அதற்குள் பல ஓடைகளில் இயற்கையான கூட்டங்கள் அழிந்துவிட்டிருந்தன. மீதமிருந்த இடங்களில் வேறு படுகைகளின் மரபைச் சேர்ந்த பண்ணை விலங்குகள் விடப்பட்டிருந்தன. இந்த நிகழ்வில் வகைப்பாட்டின் வரலாற்றையும் பரவலின் வரலாற்றையும் பிரித்துப் படிக்க முடியாது என்பதே என் கருத்து. எத்தனை சிற்றினம் என்ற கேள்வியைத் தீர்க்காமல் எங்கெங்கு இருந்தது என்று வரைபடம் தீட்டினார்கள். அந்த வரைபடத்தை நம்பி விலங்குகளை இடம் மாற்றினார்கள். இடம் மாறிய விலங்குகள் முதல் கேள்விக்கான சான்றையே அழிக்கத் தொடங்கின.

சாலமாண்டர் நம் பக்கத்து விலங்கு அன்று. பார்வைக்குப் பல்லியைப் போலத் தோன்றினாலும் அது தவளைக்கு உறவான, வாலுள்ள இருவாழ்வி. இந்தியாவில் இந்த வரிசையைச் சேர்ந்தவை கிழக்கு இமயத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மட்டுமே காணப்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்றுகூட இல்லை. ராட்சத சாலமாண்டர்களோ கிரிப்டோபிராங்கிடே என்ற மிகத் தொன்மையான, சிறிய குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் இன்று எஞ்சியிருக்கும் பேரினங்கள் இரண்டுதான்: சீனத்திலும் ஜப்பானிலும் வாழும் ஆண்ட்ரியாஸ், கிழக்கு அமெரிக்காவின் ஆறுகளில் வாழும் ஹெல்பெண்டர் அடங்கிய கிரிப்டோபிராங்கஸ். ஆண்ட்ரியாஸ் பேரினம் ஒரு புதைபடிவத்தை வைத்தே நிறுவப்பட்டது. சுவிட்சர்லாந்தின் யோஹான் யாக்கோப் ஷாய்ஹ்ட்சர் 1726இல் அந்த எலும்புக்கூட்டை நோவா காலத்துப் பெருவெள்ளத்தில் மாண்ட மனிதனுடையது என்று உறுதியாக நம்பி வெளியிட்டார். 1811இல் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் கூவியே, கல்லைச் செதுக்கி முன்னங்கால்களை வெளிக்கொணர்ந்து, அது சாலமாண்டரே என்று நிறுவினார். இக்குடும்பத்தின் வகைப்பாடு தொடக்கத்திலேயே சற்றுத் தடுமாறித்தான் நடந்திருக்கிறது.

உயிருள்ள விலங்கைக் கையருகே பார்த்தால், வகைப்பாட்டாளர்கள் ஏன் இத்தனை காலம் ஏமாந்தார்கள் என்பது ஓரளவு விளங்கும். தலை அகன்று தட்டையாக இருக்கும். இமையற்ற கண்கள் மிகச் சிறியவை. பழக்கமில்லாதவர் அவற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உடலின் இருபுறமும் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். முதிர்ந்த விலங்குக்குச் செவுள்கள் கிடையாது; நுரையீரல் இருந்தும் அதன் பயன் மிகக் குறைவு; குளிர்ந்த, ஓடும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பெரும்பாலும் இந்தத் தோல் மடிப்புகள் வழியாகவே அது உறிஞ்சிக்கொள்கிறது. நிறம் பழுப்பு, கருமை, செம்பழுப்பு எனத் தனி விலங்குக்குத் தனி விலங்கு மாறும். ஒரே ஓடையில் எடுத்த விலங்குகளிடையேகூட மாறும். தலையில் உள்ள சிறு புடைப்புகள்தாம் ஓரளவு நம்பத்தக்க வெளி அடையாளம். சீன விலங்கில் அவை சிறியனவாக, இணை இணையாக அமைந்திருக்கும். ஜப்பானிய விலங்கில் பெரியனவாக, ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். சீனாவுக்குள்ளேயே வேறுபடும் மரபுக் கிளைகளைப் பிரித்தறிய இந்த அடையாளமும் எளிதில் உதவுவதில்லை. ஒரே மாதிரியான குளிர்ந்த ஓடையில், ஒரே மாதிரியான பாறை இடுக்கில், நண்டையும் மீனையும் தவளையையும் இரவில் பதுங்கிப் பிடித்து உண்ணும் வாழ்க்கை இலட்சக்கணக்கான ஆண்டுகள் மாறாமல் நீடித்தால், உள்ளே மரபு எவ்வளவு விலகிச் சென்றாலும் வெளித்தோற்றம் மாற வேண்டிய தேவை எழுவதில்லை.

பெயர்களின் வரலாறு

பிரெஞ்சு விலங்கியலாளர் எமில் பிளான்ஷார் 1871இல் இந்தச் சிற்றினத்தை விவரித்துப் பெயரிட்டார். விலங்கு சிச்சுவான் மாகாணத்திலிருந்து வந்தது. சீனாவில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியாரும் இயற்கையியலாளருமான அர்மாண்ட் டேவிட்டின் பெயரால் அது டேவிடியானா என்றும், பேரினம் மாற்றப்பட்ட பின் ஆண்ட்ரியாஸ் டேவிடியானஸ் என்றும் வழங்கலாயிற்று. ஜப்பானிய விலங்குக்கு அதற்கு முன்பே, 1830களில், டச்சு விலங்கியலாளர் டெம்மிங்க் பெயரிட்டிருந்தார். சீனப் பெருநிலத்தில் ஒன்று, ஜப்பானியத் தீவுகளில் ஒன்று என்ற இந்த எளிய பிரிவு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருந்தது.

அதை மறுத்த ஒருவர் இருந்தார். இலண்டன் விலங்குக்காட்சியகத்தின் நீர்வாழ் காட்சிக்கூடப் பொறுப்பாளர் எட்வர்ட் ஜார்ஜ் பூலஞ்சே, ஹாங்காங்கில் பிடிபட்டு அங்கு வந்து சேர்ந்த ஒரு ராட்சத சாலமாண்டரைப் பார்த்து, அது டேவிடியானஸ் அன்று, தனிச் சிற்றினம் என்று 1924இல் எழுதினார். ஸ்லைகோ பிரபுவின் பெயரால் அதற்கு ஸ்லிகோய் என்று பெயரிட்டார். அவர் முன்வைத்த வேறுபாடுகள் ஒரே ஒரு விலங்கின் தோற்றத்தை மட்டுமே சார்ந்திருந்தன. போதாக்குறைக்கு, ஹாங்காங் அந்த விலங்கின் இயற்கையான இருப்பிடமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. பெருநிலத்திலிருந்து வணிகத்தின் வழியே வந்து சேர்ந்திருக்க வேண்டும். எனவே பின்வந்தவர்கள் ஸ்லிகோயை டேவிடியானஸின் இணைப்பெயராக, அதாவது அதே சிற்றினத்துக்கு இடப்பட்ட தேவையற்ற இன்னொரு பெயராக, ஒதுக்கிவைத்தார்கள். அன்றைய சான்றுகளை வைத்துப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த விலங்கின் உடல் தூக்கியெறியப்படவில்லை. அது இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டது. பெயரை இணைப்பட்டியலில் தள்ளினாலும் மாதிரியைப் பேணிக் காக்கும் அருங்காட்சியக வழக்கம் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஓடைகளும் மலைகளும்

பரவல் வரைபடத்தை மட்டும் பார்த்தால் டேவிடியானஸ் பெரும்பரப்பில் வாழ்ந்த வளமான விலங்காகத் தோன்றும். வடக்கே மஞ்சள் ஆற்றின் கிளைகள் முதல் தெற்கே முத்து ஆற்றின் தலைநீர் வரை, நடு, தென்மேற்கு, தென்கிழக்குச் சீனத்தின் பல மாகாணங்களில் அது பதிவாகியிருந்தது. பெரும்பாலான பதிவுகள் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்குக் கீழான உயரத்தில் அமைந்தவை. திபெத்தியப் பீடபூமியின் கிங்ஹாய் பகுதியில் 4,200 மீட்டர் உயரத்திலும் ஒரு பதிவு உண்டு. மற்ற பதிவுகளிலிருந்து அத்தனை விலகி நிற்கும் ஒன்றை எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும்.

அந்த வரைபடம் ஓர் அடிப்படை உண்மையைச் சொல்லாமல் விட்டது. இந்த விலங்கு வாழ்நாள் முழுவதையும் நீரிலேயே கழிக்கிறது. உலர்ந்த நிலத்தைக் கடந்து இன்னொரு படுகைக்குச் செல்ல அதனால் இயலாது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள வெதுவெதுப்பான, மெதுவான நீரும் அதற்கு ஒவ்வாது. எனவே ஒரே ஆற்றின் இரு கிளையோடைகளில் வாழும் கூட்டங்கள்கூட எளிதில் கலப்பதில்லை. மலைமுகடுகள் எழுந்து நீரோட்டத்தின் திசை மாறும்போதெல்லாம் ஒரு கூட்டம் இன்னொன்றிலிருந்து துண்டிக்கப்படும். இனப்பெருக்க முறையும் இதற்குத் துணைநிற்கிறது. ஆண் விலங்கு நீருக்கடியில் உள்ள ஒரு வளையைத் தன்வசப்படுத்திக்கொள்ளும். பெண் அங்கு வந்து நூற்றுக்கணக்கான முட்டைகளைச் சரமாக இட்டுச் செல்லும். குஞ்சுகள் பொரியும்வரை ஆணே காவலிருக்கும். பிறந்த ஓடையைச் சுற்றியே வாழ்வு நடத்தும் விலங்கு இது. இத்தகைய உயிரினம் மூன்று பெரும் படுகைகளில் பரவியிருந்தும் ஒரே சிற்றினமாகவே நீடித்தது என்பதுதான், யோசித்துப் பார்த்தால், விளக்கம் தேவைப்படும் கூற்று.

2018

இந்த ஐயம் முற்றிலும் புதியதன்று. அன்ஹுய் மாகாணத்தின் ஹுவாங்ஷான் மலைப்பகுதி விலங்குகள் மரபளவில் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கின்றன என்பதை இராபர்ட் மர்ஃபியும் அவருடைய சீன உடனாய்வாளர்களும் 2000ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியிருந்தனர். பெரிய அளவிலான விடை 2018 மே மாதத்தில் ஒரே இதழில் வெளிவந்த இரண்டு கட்டுரைகளில் கிடைத்தது. குன்மிங் விலங்கியல் நிறுவனத்தின் சே ஜிங்கும் அவரோடு பணியாற்றியவர்களும் இயற்கையில் பிடிபட்ட 70 விலங்குகளையும் பண்ணைகளில் பிறந்த 1,034 விலங்குகளையும் மரபணு வழியாக ஒப்பிட்டனர். டேவிடியானஸ் என்ற பெயருக்குள் சிற்றினம் என்று மதிக்கத்தக்க கிளைகள் குறைந்தது ஐந்து இருப்பதாகவும், எட்டு வரை இருக்கக்கூடும் என்றும் அவர்கள் கண்டனர். அந்தக் கிளைகள் ஏறத்தாழ ஆற்றுப் படுகைகளையும் மலைத்தொடர்களையும் ஒட்டியே அமைந்திருந்தன.

உடன் வெளிவந்த கட்டுரை பரவலைப் பற்றியது. இலண்டன் விலங்கியல் சங்கத்தின் சாமுவேல் டர்வியும் சீன ஆய்வாளர்களும் 2013 முதல் 2016 வரை 97 இடங்களில் தேடினர். இந்த விலங்குக்காக நடந்த களஆய்வுகளில் இதுவே மிகப் பெரியது என்று கூறப்படுகிறது. ஓடைகளில் இரவுத் தேடல், பொறிவைத்தல், ஊர்மக்களிடம் நேர்காணல் என எல்லா வழிகளும் பயன்படுத்தப்பட்டன. விலங்குகள் கிடைத்தவை நான்கே இடங்களில், மொத்தம் 24. அவையும் அந்த ஓடைகளிலேயே பிறந்து வளர்ந்தவையா, பண்ணையிலிருந்து விடப்பட்டவையா அல்லது தப்பி வந்தவையா என்று உறுதிசெய்ய இயலவில்லை. இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் முழுமையாகும்: ஒரே சிற்றினம் பரந்த நிலப்பரப்பில் அருகிவருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, குறுகிய எல்லை கொண்ட பல சிற்றினங்கள், பெயர்கூடப் பெறாமல், ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

அடுத்த ஆண்டு டர்வி குழுவினர் அருங்காட்சியகங்களின் பக்கம் திரும்பினர். இன்றைய ஓடையில் கிடைக்கும் விலங்கின் பூர்வீகத்தை நம்ப முடியாதபோது, பண்ணைகள் தோன்றுவதற்கு முன் சேகரிக்கப்பட்ட மாதிரிகளே நம்பத்தக்க சாட்சி. பதினேழு பழைய மாதிரிகளிலிருந்தும் பிற திசுக்களிலிருந்தும் பெற்ற மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. மூன்று தெளிவான கிளைகளைக் காட்டியது. ஒன்று, டேவிடியானஸ். மற்றொன்று, தென்சீனத்தின் நான்லிங் மலைப்பகுதியைச் சார்ந்தது. பூலஞ்சேயின் ஹாங்காங் விலங்கு இந்தக் கிளையில் விழுந்தது. எனவே ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக ஒதுக்கப்பட்டிருந்த ஸ்லிகோய் என்ற பெயர் மீண்டும் உயிர்பெற்றது. டேவிடியானஸைவிட ஸ்லிகோயே பெரிதாக வளரக்கூடும் என்றும் அவர்கள் கருதினர்; அப்படியானால் உலகின் மிகப் பெரிய இருவாழ்வி என்ற சிறப்பும் கைமாறும். மூன்றாவது, ஹுவாங்ஷான் பகுதியைச் சார்ந்தது. அன்று அதற்குப் பெயர் இல்லை.

ஐந்தா, மூன்றா என்ற முரண்பாடு இங்கு எழுகிறது. இதை முரண் என்பதைவிட, வெவ்வேறு சான்றுகளின் வெவ்வேறு எட்டுதூரம் என்பதே பொருத்தம். அருங்காட்சியகங்களில் இருப்பது யாரோ ஒருவர் தற்செயலாகச் சேகரித்து அனுப்பியவை மட்டுமே. எந்த ஓடையிலிருந்து எவரும் மாதிரி எடுக்கவில்லையோ அந்த ஓடையின் கிளை அங்கு தெரியாது. கிளைகள் பிரிந்த காலத்தைப் பற்றியும் கணிப்புகள் வேறுபடுகின்றன: முதல் ஆய்வு ஏறத்தாழ 47 இலட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகள் என்றது, பின்னது முதல் பிரிவை 31 இலட்சம் ஆண்டுகளுக்கும் அடுத்ததை 24 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன் வைத்தது. எந்தக் கணிப்பை ஏற்றாலும், இவை வெறும் வட்டார வேறுபாடுகள் என்று தள்ளிவிடக்கூடிய அளவில் இல்லை. மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. தாய்வழி மட்டுமே கடத்தப்படுவது. அதை மட்டும் வைத்துச் சிற்றின எல்லை வகுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. 2018 ஆய்வு, தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக் குறியீடுகளையும் சேர்த்துப் பார்த்தது என்பதால் அதன் முடிவுக்கு நான் கூடுதல் எடை தருகிறேன்.

பண்ணைகள்

சீனாவில் இந்த விலங்கு இரண்டாம் நிலைப் பாதுகாப்பு பெற்ற உயிரினம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் (CITES) முதல் இணைப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. அப்படியிருந்தும் அதன் இறைச்சி விலையுயர்ந்த விருந்துணவாக ஆனதால் வேட்டை நிற்கவில்லை. பண்ணை வளர்ப்பு காட்டு விலங்குகளின் மீதான அழுத்தத்தைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஊக்குவிக்கப்பட்டது. ஷான்ஷி மாகாணம் இத்தொழிலின் மையமாயிற்று; பண்ணைகளில் இருந்த விலங்குகளின் எண்ணிக்கை இலட்சங்களைத் தாண்டியது. எதிர்பார்ப்புக்கு மாறாக, பண்ணைகளுக்குத் தாய்விலங்கு தேவைப்பட்டதால் ஓடைகளிலிருந்து திருட்டுத்தனமாகப் பிடிப்பது தொடர்ந்தது. ஒரு மாகாணத்தில் பிடித்தது இன்னொரு மாகாணத்துப் பண்ணைக்கு விற்கப்பட்டது. வேறு வேறு படுகைகளைச் சேர்ந்தவை ஒரே தொட்டியில் இனப்பெருக்கம் செய்தன. பண்ணைகளில் தவளைகளையும் தாக்கும் ரானா நச்சுயிரி நோய் பரவி மடிவு ஏற்பட்ட செய்திகளும் உண்டு.

இதுவரை நடந்தது வணிகத்தின் சேதம். அடுத்தது நல்லெண்ணத்தின் சேதம். பண்ணை விலங்குகளை ஓடைகளில் விடுவது பாதுகாப்பு நடவடிக்கையாக அரசின் ஆதரவோடு பல இடங்களில் நடந்தது. எல்லாம் ஒரே சிற்றினம் என்ற எண்ணத்தில், எந்த மரபைச் சேர்ந்தது எந்த ஓடைக்குப் போகிறது என்று சோதிக்க வேண்டும் என்ற சிந்தனையே எழவில்லை. விடப்பட்டவற்றோடு பண்ணை நோயும் ஓடைக்குள் நுழைந்திருக்கலாம். அங்கு எஞ்சியிருந்த ஒன்றிரண்டு பூர்வீக விலங்குகள் அவற்றோடு கலந்தால், அந்தக் கிளை தன் தனித்தன்மையை இழந்துவிடும். ஓடையில் சாலமாண்டர் இருக்கும், ஆனால் அந்த ஓடைக்குரிய சாலமாண்டர் இராது. கணக்கெடுப்பில் அது வெற்றியாகவே பதிவாகும். இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது இந்தப் பகுதிதான்.

புதிய பெயர்கள்

2022இல் ஒரு நம்பிக்கையூட்டும் செய்தி வந்தது. சே ஜிங் குழுவினர் ஜியாங்ஷி மாகாணத்தின் ஜியூலிங்ஷான் தேசிய இயற்கைக் காப்பகத்தில், மரபளவில் கலப்பில்லாத, இயற்கையாகவே இனப்பெருக்கம் செய்துவரும் கூட்டம் ஒன்றைக் கண்டறிந்து, ஆண்ட்ரியாஸ் ஜியாங்ஷியென்சிஸ் என்று பெயரிட்டனர். முதிர்ந்த விலங்குகள் மட்டும் கிடைத்திருந்தால் பண்ணையிலிருந்து வந்தவையா என்ற ஐயம் நீடித்திருக்கும். வெளிச்செவுள்களோடு கூடிய இளவுயிரிகளும் அங்கே இருந்தன. மரபணுவும் வேறெங்கும் காணாத கிளையைக் காட்டியது. மனித நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்ட காப்பகப் பகுதி என்பதாலேயே இக்கூட்டம் தப்பியிருக்கிறது. மறு ஆண்டில், ஹுவாங்ஷானின் கிமென் வட்டாரத்திலிருந்து ஆண்ட்ரியாஸ் செனி என்ற பெயர் முன்மொழியப்பட்டது; பெயரின்றி நின்ற அன்ஹுய்ப் பகுதி விலங்குகள் இவ்வாறு பட்டியலுக்குள் வந்தன. ஆக, சீனாவில் இன்று பெயர்பெற்றவை நான்கு: டேவிடியானஸ், ஸ்லிகோய், ஜியாங்ஷியென்சிஸ், செனி. டேவிடியானஸின் பரவல் எல்லை அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. பழைய நூல்களில் ஜியாங்ஷி, அன்ஹுய், குவாங்ஷி என்று டேவிடியானஸுக்குக் கொடுத்திருக்கும் இடங்களை இனி அப்படியே எடுத்தாளக் கூடாது.

பரவலின் இன்னொரு துண்டு எவரும் எதிர்பாராத இடத்தில், ஜப்பானில், கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் உணவு வணிகத்துக்காகச் சீன விலங்குகள் அங்கு இறக்குமதியாயின. தப்பியோ விடப்பட்டோ கியோத்தோவின் காமோ ஆற்றுக்குள் சென்று, 1952 முதல் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னமாகப் போற்றப்படும் ஜப்பானிய ராட்சத சாலமாண்டரோடு கலந்தன. இன்று அந்த ஆற்றில் கலப்பினங்களே மிகுதி. சீன விலங்கையும் கலப்பினத்தையும் ஜப்பான் 2024இல் அயல் ஊடுருவு உயிரினங்களாக அறிவித்தது. அதே ஆண்டில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் நிஷிகாவா கண்டோவும் உடனாய்வாளர்களும் ஜப்பானில் உள்ள இத்தகைய விலங்குகளின் மரபணுவைச் சோதித்தபோது, அவற்றுள் சில டேவிடியானஸ் அல்ல, ஸ்லிகோய் என்று தெரியவந்தது. உயிரோடிருந்தவை இரண்டு; இரண்டும் ஆண்; ஒன்று டோக்கியோவின் சன்ஷைன் மீன்காட்சியகத்தில் உள்ளது. தென்சீனத்தின் ஓடைகளில் ஸ்லிகோயைக் காண்பது ஏறத்தாழ இயலாததாகிவிட்ட நிலையில், அதை ஊடுருவியாகக் கருதும் நாட்டில் அது எஞ்சியிருக்கிறது. உயிரணுக்களை உறையவைத்துப் பாதுகாப்பது, செயற்கை இனப்பெருக்கம் ஆகியவை பற்றி ஆய்வாளர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்குப் பெண் விலங்கு வேண்டும். சீனப் பண்ணைகளில் ஸ்லிகோய் மரபுடையவை கலப்பின்றி எஞ்சியிருந்தால் அங்கிருந்துதான் அது கிடைக்கக்கூடும்.

ஆகவே பண்ணைகளைக் குறித்து இருவேறு நிலைப்பாடுகளை ஒருங்கே எடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றிலிருந்து ஓடைகளுக்கு விலங்குகளை விடுவது, மரபணுச் சோதனையும் நோய்ச் சோதனையும் இல்லாமல், எங்கும் நடக்கக் கூடாது. அதேவேளை இயற்கையில் அழிந்துவிட்ட சில கிளைகளின் கடைசி விலங்குகள் இப்போது ஏதோ ஒரு பண்ணைத் தொட்டியில் இருக்கக்கூடும் என்பதால், பண்ணை இருப்பை முழுமையாக மரபணு வழியாகக் கணக்கெடுத்து, கலப்பற்றவற்றைக் கிளை கிளையாகப் பிரித்து வைக்க வேண்டும். உட்கரு மரபணுக்களிலும் கலப்பு தேடப்பட வேண்டும். தாய்வழிச் சோதனை மட்டும் செய்தால் தந்தைவழிக் கலப்பு தெரியாமல் போய்விடும். 2018இல் கண்டறியப்பட்ட கிளைகளில் சிலவற்றுக்கு இன்னும் பெயர் இல்லை. பெயர் சூட்டுவதற்கு வகைமாதிரியும் (பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாக்கப்படும் விலங்கு) நம்பத்தக்க இருப்பிடக் குறிப்பும் தேவை. இருப்பிடக் குறிப்பைப் பொறுத்தவரை, பண்ணையில் பிறந்த விலங்கால் அதைத் தர முடியாது. அந்தக் கிளைகளுக்கு இப்போதைக்கு, பெயரை எதிர்பார்க்காமல், படுகை வாரியாகத் தனித்தனிப் பாதுகாப்பு அலகுகள் என்று அறிவித்துச் செயல்படுவதே நடைமுறைக்கு ஏற்ற வழி.